அறும்வரை பொறுக்கத்தான் வேணுமா?

கம்பி அறுந்தால் மாத்துவம். கிற்றார் வைத்திருக்கிற எங்களில் பலரின் கொள்கை இதுதான்.

கிற்றாருக்குச் சொந்தக்கார வாத்தியமான லூட்டுக்கு, 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் குடலில் திரித்த நரம்பைத்தான் பூட்டினார்கள். அது பிரிபிரியாகி அறுந்துபோகும் சாமான். ஆனாலும் அந்த ஆக்கள் பார்த்தது வேறொன்றை. பூட்ட முதலே நரம்பை இரு கையாலும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள். அதிர்வில் இரண்டு கோடு தெளிவாகத் தெரிந்தால் நல்லது. பல கோடாய்க் கலங்கினால் தடிப்பு ஒருசீராய் இல்லை, சுருதி பொய்க்கும்.

1922இல் மார்ட்டின் நிறுவனம் உருக்குக் கம்பிக்கென்றே ஒரு கிற்றாரை வடிவமைத்தது. இரண்டாம் உலகப்போரில் குடல் நரம்பு சத்திரசிகிச்சைத் தையலுக்குப் போய்விட, நியூயோர்க்கில் அல்பேட் ஒகஸ்ரின் நைலோனில் நரம்பு செய்தார். செகோவியாவே அதை ஏற்றுக்கொண்டார். இவை லேசில் அறாது. கரைச்சலே அதுதான். உருக்குக் கம்பி அறாமலே செத்துப்போகும்: வியர்வையும் ஊத்தையும் சுற்றுக்கம்பியின் இடுக்கில் இறங்கும், பிரெட்டில் படுகிற இடம் பள்ளமாகும். அடியில் விரலை ஓட்டினால் தட்டுப்படும். பழைய ஆக்கள் தேடிய அதே சீர்கேடு.

காதை மட்டும் நம்பேலாது; மந்தமான சத்தம் மெல்ல மெல்லப் பழகிவிடும். 12ஆவது பிரெட்டுக்கு நேரே மெல்லத் தொட்டு மீட்டுங்கோ, பிறகு அழுத்தி மீட்டுங்கோ. புதுக்கம்பியில் ஒத்திருந்த இரண்டும் இப்ப விலகினால், மாத்துகிற நேரம் வந்திட்டுது. இது தெரியாமல்தான் பழகத் தொடங்கின எத்தனையோ பிள்ளைகள் ‘எனக்குச் சுருதி பிடிபடாது’ என்று கிற்றாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள்.