பூஜையறைக்கு வந்த அச்சுப் படங்கள்

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர், இஞ்சினியர்தானே, ஏதாவது மெஷின் பற்றி எழுதுவான் என்று நினைத்திருப்பார். மெஷினும் வருகிறது, கூடவே சாமியும் வருகிறது.

துறையூரில் எங்கள் வீட்டுப் பூஜையறையில் இரண்டு படங்கள். ஒன்று ரவிவர்மா லட்சுமி; தாத்தாவின் அப்பா திருச்சியில் வாங்கியது. இன்னொன்று கொண்டையராஜு கஜலட்சுமி, மளிகைக்கடைக் காலண்டர். வருஷம் முடிந்ததும் கடைப் பெயரைக் கத்தரித்துவிட்டு, தாத்தா கண்ணாடி போட்டு மாட்டியது.

ஓவியத்தை அச்சடித்துப் பரப்புங்கள் என்று 1884-லேயே ரவிவர்மாவுக்குக் கடிதம் எழுதியவர் நம் கும்பகோணத்துக்காரர், திவான் மாதவராவ். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரைந்து, ஈரப்படுத்தி, மை உருட்டி எடுப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தால் போச்சு, லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு வந்துவிடும்! நாம் ஒர்க்‌ஷாப்பில் திட்டு வாங்கிய அதே 'டாலரன்ஸ்' சமாச்சாரம்தான்.

படம் வீடு வீடாகப் போனது. ஆனால் ரவிவர்மாவுக்கு மிஞ்சியது கடன். 1903-ல் அச்சகத்தை ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். 1906-ல் அவர் காலமான பிறகும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன.

கொண்டையராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்ததை சிவகாசி அச்சடித்தது. நமக்கு ஆடிப்பெருக்கு என்றால் அம்மா மண்டபமும் சித்ரான்னமும். சிவகாசிக்கு அன்றுதான் புது காலண்டர் ஆல்பம் வெளியாகும் நாள். ஏஜென்டுகள் அந்த ஆல்பத்தோடு ஊர் ஊராகக் கடை ஏறுவார்கள். படம் ஒன்றே; அடியில் கடைப் பெயர் மட்டும் மாறும்.

இதிலே என்ன பெரிய சரித்திரம் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. தாத்தா ஒருநாள் சொன்னார்: "எங்கப்பாவைக் கோயிலுக்குள்ளே விடமாட்டாங்கப்பா. வெளியவே நின்னு கும்பிட்டுட்டு வந்துருவார். அதான் சாமியைக் காசு குடுத்து வீட்டுக்குக் கூட்டியாந்தார்." மதுரை மீனாட்சி கோயில் பிரவேசம் 1939-ல்; மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947-ல். அந்த லட்சுமி அதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாணவத் தம்பி தங்கைகளே, அடுத்த முறை பழைய காலண்டரைக் கிழித்துப் போடுமுன் படத்தின் மூலையைக் கொஞ்சம் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். கடைக்காரர் பெயர் பெரிசு, வரைந்தவர் பெயர் சிறிசு. அந்தச் சின்னப் பெயரையும் ஒருதரம் வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.