வங்கத் தலைநகரும் கட்டற்ற கணிப்பொறியும்

கணிப்பொறி என்றவுடன் நம்மனோர் நினைவு பெங்களூருக்கும் சென்னைக்கும் செல்வது இயல்பு. ஆயின் இந்நாட்டில் எண்முறைக் கணிப்பொறி முதன்முதலாக வந்திறங்கிய ஊர் நாம் வாழும் இந்தக் கல்கத்தாவே என்பதை நம்மிற் பலர் அறியார். பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கென 1955-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் பொறி பராநகர் வளாகத்தை அடைந்தது. காந்தமேற்றிய உருளை ஒன்றே அதன் நினைவகம். இக்காலத்தார் இயங்குதளம் என்று கூறும் ஒன்று, அதாவது பொறியின் உறுப்புகளையும் நாம் இடும் பணிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள், அதற்கு இல்லை. அதனைக் கையாண்டவர்களே பொறிமொழியில் ஆணைகளை எழுதினர். 1966-இல் அக்கழகமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் கூடி, ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்னும் கணிப்பொறியைத் தாமே உருவாக்கி இயக்கியதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பொறியின் உள்ளே நிகழ்வதை அறியும் உரிமை பற்றி அந்நாளில் எவரும் வாதிடவில்லை. கேட்காமலே கிடைத்த உரிமை அது.

அதே பத்தாண்டில் இந்நகரின் மற்றொரு மூலையில் வேறொரு காட்சி நிகழ்ந்தது. இலாக்கோ மாளிகையில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது, ஊழியர்கள் இரவு பகலாகக் காவலிருந்து தடுத்தனர். அவர்களைப் பிற்போக்கினர் என்று எள்ளுவது பின்னாளில் வழக்கமாயிற்று. நாம் அவ்வாறு கூறத் துணியோம். எழுத்தர் வேலையையும் சுருக்கெழுத்தையும் நம்பி வங்கம் புகுந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! புதுப்பொறியின் கடிவாளம் எவர் கையில் இருக்கும் என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் உண்டு.

அவ்வினாவுக்கு விடை தொழிற்சங்கத்திலிருந்து வரவில்லை; அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வந்தது. மென்பொருள் வணிகப் பொருளாகி, அதன் மூலநிரல் பூட்டி வைக்கப்பட்டபோது, ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983-இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எக்காரியத்திற்கும் பயன்படுத்தலாம். உள்ளே திறந்து பயிலலாம். படியெடுத்துப் பிறர்க்கு அளிக்கலாம். திருத்தி, அத்திருத்தத்தையும் வழங்கலாம் என்பன அவர் கோரிய உரிமைகள். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் என்னும் கருநிரல் இத்திட்டத்தோடு இணையவே, வீட்டுக் கணிப்பொறிக்கும் ஏற்ற முழுமையான கட்டற்ற இயங்குதளம் உருப்பெற்றது.

கல்கத்தா வீடுகளுக்கு அது வந்த வழி எளியதன்று. 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் பொதுமக்களுக்கான இணையச் சேவை இந்நகரிலும் தொடங்கிற்று. எனினும் தொலைபேசிக் கம்பிவழி ஓர் இயங்குதளத்தை இறக்குவதெனின் பொழுதும் பணமும் கரைந்துபோம். ஆதலின் கணிப்பொறி இதழ்களோடு இணைந்து வந்த குறுந்தகடுகளே முதல் வாயில்களாயின. இந்நகர லினக்ஸ் பயனர் குழுவினர் தமக்குள் தகடுகளைப் படியெடுத்து வழங்கினர். நிறுவத் தெரியாதார்க்கு நிறுவியும் தந்தனர். 2004-இல் தோன்றிய உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் உலகெங்கும் தகடுகளை விலையின்றி அஞ்சலில் அனுப்பியது. 2011 வரை அவ்வறம் நடந்தது.

இங்கு ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. சாந்தினி சௌக் சந்தையில் உறுப்புகளை வாங்கிக் கோத்துக் கணிப்பொறி அமைத்துக்கொண்ட நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில், விலை மிக்க வணிக இயங்குதளம் உரிமமின்றியே புகுந்துவிட்டது. அதற்கு எவரும் காசு கொடுத்திலர். எனவே லினக்ஸ் விலையற்றது என்னும் புகழுரை இந்நகரில் பெரிதும் எடுபடவில்லை. பின் எதனால் அது வேர்கொண்டது? மொழியால் என்பதே எமது கருத்து.

அக்காலத்து நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழுக்கென எழுத்துருக்கள் பல இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்க முறையைப் பின்பற்றிற்று. கல்கத்தாவில் தட்டெழுதிய மடல், தஞ்சையில் வேறோர் எழுத்துரு உடைய பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் பயனாக விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. ஒருங்குறி என்னும் பொதுக் குறியாக்கத்தில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தபோதிலும், அதைத் திரையில் செவ்வனே காட்டும் மென்பொருள் வீடுகளில் இல்லை. வணிக இயங்குதளமும் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒருங்குறித் தமிழுக்கு இடந்தந்தது என்பதை நடுநிலையோடு கூறிவிடுகிறோம். ஆனால் எம்மொழிக்கு எப்போது இடம், எவ்வளவு இடம் என்பதை அங்கே முடிவு செய்வோர் நிறுவனத்தார்.

கட்டற்ற தளத்தில் அம்முடிவு மொழிக்குரியாரிடமே இருந்தது. 2002-இல் வங்காளிகள் 'அங்கூர்' என்ற பெயரில் ஒன்றுகூடினர். அங்கூர் என்றால் முளை. நம் திருவிழாக்களில் முளைப்பாலிகை இடும் அங்குரார்ப்பணத்தில் உள்ள சொல்லே அது. கொல்கத்தாவினரும் வங்கதேசத்தினரும் கடல் கடந்த வங்காளிகளும், எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தாது, ஊதியமின்றி, லினக்ஸின் பட்டியல்களை வங்கமொழியில் பெயர்த்தனர். அதே காலத்தில் தமிழர்களும் அப்பணியில் இறங்கியிருந்தனர். கனடாவில் வாழ்ந்த வெங்கட்ரமணன் முதலியோர் கே.டி.இ. என்னும் திரைச்சூழலைத் தமிழில் ஆக்க உழைத்தனர். அரசு அலுவலகத்துக்கு உரியதாயிருந்த 'கோப்பு' என்னும் சொல் வீட்டுத் திரைக்கு வந்தது இத்தகையோர் உழைப்பால்தான். சில பெயர்ப்புகள் கரடுமுரடாக இருந்தன என்பதும் உண்மையே. அவற்றைத் திருத்தவும் வழி திறந்தே இருந்தது.

இதனினும் வியப்பானது எழுத்தமைப்பிலுள்ள உறவு. 'கொ' என்று எழுதும்போது ஒலிக்குறியின் ஒரு பாதி ககரத்தின் முன்னும், மறுபாதி பின்னும் நிற்கின்றது. நாம் தட்டுவதோ மெய்யை முதலிலும் உயிரைப் பின்னரும். வங்க எழுத்திலும் இதுவே முறை: எகரக் குறி மெய்யின் முன்னே நிற்கும், ஓகாரக் குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். வங்கத்தில் கூட்டெழுத்துகள் மிகுதி, தமிழில் அவை அரிது என்பதே வேறுபாடு. இவ்வரிசை மாற்றத்தைச் செய்யும் கட்டற்ற நிரல்களுள் ஒன்று பாங்கோ. 'அனைத்து' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும், 'மொழி' எனப் பொருள்படும் சப்பானியச் சொல்லும் கூடிப் பிறந்த பெயர் அது. ஒரே நிரற்கட்டில் இரு மொழிகளின் விதிகளும் அருகருகே அமைந்தன. பொது அடித்தளத்தில் வங்காளி ஒருவர் களைந்த பிழை தமிழருக்கும், தமிழர் களைந்தது வங்காளிக்கும் பயன்பட்டது. லேக் மார்க்கெட்டுப் பகுதியில் ஒரே கடையில் முருங்கைக்காயும் பட்டோலும் வாங்கும் நமக்கு இத்தகைய அண்டைவீட்டு உறவு புதிதன்று.

அரசுகளும் பின்னர் இவ்வழி வந்தன. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளியாயிற்று. உமாசங்கர் தலைமையில் தமிழகத்தின் எல்காட் நிறுவனமும் ஏறக்குறைய அக்காலத்தில் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. ஆயின் தன்னார்வலர் பாதை போட்ட பின்னரே அரசுத் தேர் அசைந்தது என்பதை மறத்தலாகாது.

இன்று இத்தளங்களில் தமிழ், வங்கம் ஆகிய இரு விசைப்பலகைகளையும் ஒருங்கே அமைத்துக்கொண்டு, ஓரிரு விசைகளால் மாறி மாறி எழுதலாம். பள்ளியில் வங்கமும் ஆங்கிலமும் பயின்று, தமிழை வீட்டில் மட்டுமே கேட்கும் நம் பிள்ளைகள், ஊரிலுள்ள பாட்டிக்கு எழுதும் மடலைத் தமிழ் எழுத்திலேயே எழுத அது இடந்தருகின்றது. இயங்குதளத்தின் மொழியையே தமிழாக்கினால், பட்டியல்களிற் பல தமிழில் தோன்றுகின்றன. எஞ்சியவை இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. ஏனெனில் அச்சொற்றொடர்களை எவரும் இன்னும் பெயர்க்கவில்லை.