கலாநிதி ஆய்வில் ஆலோசனைக் குழு எதற்காக?

கிளிநொச்சியைச் சேர்ந்த, எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அமெரிக்காவில் உயிரியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறாள். அண்மையில் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, அடுத்த கிழமை கமிட்டி மீற்றிங். ஒரு வருசமா ஒரு றிசல்ட்டும் வரேல்லை. என்னை நிப்பாட்டிப் போடுவினமோ?"

இதே பயம் எனக்கும் இருந்தது. அந்தக் குழு எதற்காக இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விஞ்ஞான ஆய்வுக்காக வெளிநாடு போகும் எங்கள் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் விஞ்ஞானக் கலாநிதி ஆய்வு பெரும்பாலும் ஐந்து, ஆறு ஆண்டுகள் நீளும். மாணவரின் மாதக் கொடுப்பனவு பல வேளைகளில் மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியிலிருந்தே வருகிறது. ஆய்வுகூடத்தில் இடம், கட்டுரையில் பெயர், அடுத்த வேலைக்கான சிபாரிசுக் கடிதம் எல்லாம் அவர் கையில்தான். வெளிநாட்டு மாணவர் என்றால் விசாவும் படிப்பு தொடர்வதிலேயே தங்கியிருக்கிறது. அவருடன் முரண்பட்டால் போக வேறு இடம் இல்லை.

இந்த ஆபத்தை 1998 ஆம் ஆண்டு ஒரு மரணம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் ஆய்வு மாணவர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாணவர்களின் வாழ்க்கை மீது பேராசிரியர்களுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் இருப்பதாகவும், ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் கவனிக்க ஒரு குழு இருந்தால் அது பாதுகாப்பாக இருக்கும் என்றும் அவர் எழுதி வைத்திருந்தார். அதன்பின், மேற்பார்வையாளருக்கு அப்பால் மேலும் இரு பேராசிரியர்களின் ஆலோசனையை மாணவர்கள் பெறுவதற்கு அந்தத் துறை வழி செய்தது.

ஆலோசனைக் குழுக்கள் அதற்கு முன்னரும் பல இடங்களில் இருந்தன. ஆனால் பரீட்சிப்பது மட்டுமல்ல, பாதுகாப்பதும் அவற்றின் வேலை என்பதை அந்த மரணம் உணர்த்தியது.

பொதுவாகக் குழுவில் மூன்று முதல் ஐந்து பேராசிரியர்கள் இருப்பார்கள். தகுதிகாண் பரீட்சைக்குப் பின்னர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கூடுவார்கள். மாணவர் சிறிய அறிக்கையொன்றை முன்கூட்டியே அனுப்பி, கூட்டத்தில் தன் முடிவுகளை விளக்க வேண்டும். எந்தப் பரிசோதனையைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்று அங்கே பேசப்படும். ஆய்வேடு எழுதத் தொடங்கலாமா என்பதையும் பல இடங்களில் இந்தக் குழுவே தீர்மானிக்கிறது. ஜேர்மனியின் மக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் பலவற்றிலும் இத்தகைய குழுக்கள் உண்டு.

பல திட்டங்களில் கூட்டத்தின் ஒரு கட்டத்தில் மேற்பார்வையாளரை வெளியே அனுப்பிவிட்டு மாணவருடன் தனியாகப் பேசுவார்கள். குழுவின் உண்மையான பயன் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. நான் அதை வீணாக்கினேன்.

மூன்றாம் ஆண்டில் என் பரிசோதனை மாதக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் என்னுடன் பேசுவதையே குறைத்திருந்தார். "எல்லாம் சரியாகப் போகிறதா?" என்று குழுவினர் கேட்டார்கள். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன். சோதனைச் சாவடிகளில் வளர்ந்த எங்களுக்கு, அதிகாரத்தில் உள்ளவர் கேட்டால் வாயில் முதலில் வருவது அந்தப் பதில்தான். அன்று அது எங்களைக் காப்பாற்றியது. இங்கே அதனால் எனக்கு ஓர் ஆண்டு போனது.

அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். "ஆறு மாதத்தில் இது சரிவராவிட்டால் மாற்று வழி என்ன?" என்று ஒரு பேராசிரியர் மேற்பார்வையாளரையும் வைத்துக்கொண்டே கேட்டார். அன்று பேசித் தீர்மானித்த சிறிய இரண்டாவது ஆய்வுதான் பின்னர் என் ஆய்வேடாயிற்று.

குழுவைத் தெரிவு செய்யும்போது பெயருக்காக மட்டும் ஆட்களைச் சேர்க்காதீர்கள். உங்கள் ஆய்வு முறை தெரிந்த ஒருவரும், மேற்பார்வையாளருக்கு மறுத்துப் பேசக்கூடிய ஒருவரும் அவசியம். சிக்கல் என்றால் ஆண்டுக் கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இடையிலும் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். பேசித் தீர்மானித்ததை அன்றே மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

குழுவுக்கும் எல்லை உண்டு. உறுப்பினர்கள் மேற்பார்வையாளரின் சக ஊழியர்கள். சிலர் அவரைப் பகைக்கத் தயங்குவார்கள். துன்புறுத்தல் போன்ற முறைப்பாடுகளுக்குப் பட்டப்பின் படிப்புப் பீடத்தையும், மனம் தளர்ந்தால் பல்கலைக்கழக உளவள ஆலோசகரையும் நாடுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: "சரிவராத பரிசோதனைகளையும் கொண்டுபோய்க் காட்டு. தனியா விட்டுக் கேட்டால், ஒண்டும் இல்லை எண்டு மட்டும் சொல்லிப் போடாதை."