ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் கட்சிகளுக்கு நிதி கொடுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பென்னலூரைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை வெளிநாட்டு நிறுவனங்களின் ஆலைகள் நிறைய. இந்த கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கலாமா? கொடுத்தால் அது வாக்காளருக்குத் தெரியுமா?

வெளிநாட்டு கம்பெனி கொடுக்கலாமா?

வெளிநாட்டில் இருக்கும் தாய் நிறுவனம் நேரடியாகக் கொடுக்க முடியாது. ஆனால் அதன் இந்தியக் கிளை நிறுவனம் கொடுக்கலாம். அந்நிய முதலீடு அந்தத் துறைக்கான வரம்புக்குள் இருந்தால், அது 'வெளிநாட்டுப் பணம்' ஆகாது என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. கார் தயாரிப்பில் அந்த வரம்பு 100 சதவீதம். அதாவது, முழுக்க வெளிநாட்டவருக்குச் சொந்தமான ஆலைக்கும் தடையில்லை.

எவ்வளவு கொடுக்கலாம்?

நிறுவனம் தொடங்கி 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இயக்குநர் குழு தீர்மானம் கட்டாயம். முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் ஓராண்டில் கொடுக்கலாம். சராசரி லாபம் 100 கோடி ரூபாய் என்றால், 7.5 கோடி.

இந்த உச்சவரம்பை 2017-ல் மத்திய அரசு நீக்கியது. தேர்தல் பத்திரங்களை ரத்து செய்த 2024 பிப்ரவரி 15 தீர்ப்பில், அந்த நீக்கமும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். விதியை மீறினால், கொடுத்த தொகையைப் போல 5 மடங்கு வரை அபராதம்.

அமெரிக்காவின் 'பேக்' போல இங்கு உண்டா?

அமெரிக்காவில் 'சூப்பர் பேக்' எனப்படும் குழுக்கள் வேட்பாளரோடு கலந்து பேசாமல், பிரசாரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம். இங்கே வேட்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வதே குற்றம்.

ஓரளவு நெருங்கி வருவது 2013-ல் வந்த தேர்தல் அறக்கட்டளைத் திட்டம். கம்பெனிகளிடம் வாங்கும் நன்கொடையில் 95 சதவீதத்தை அறக்கட்டளை அதே நிதியாண்டில் கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ரொக்கமாக வாங்கக் கூடாது.

வேட்பாளருக்கு வரம்பு, கட்சிக்கு?

ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் 2024-ல் ஒரு வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவிடலாம் என்பது விதி. ஆனால் கட்சியின் பொதுவான பிரசாரச் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. கம்பெனிப் பணம் போய்ச் சேருவது கட்சிக் கணக்கில்தான்.

வாக்காளர் எங்கே பார்ப்பது?

20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். அந்தப் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, பட்டியல் நிதியாண்டு முடிந்த பிறகே வரும். அதற்குள் ஓட்டு போட்டு முடிந்திருக்கும்.

இரண்டு, பணம் அறக்கட்டளை வழியாகப் போனால், கட்சியின் கணக்கில் அறக்கட்டளையின் பெயர்தான் இருக்கும். அறக்கட்டளைக்குக் கொடுத்த கம்பெனிகளின் பட்டியல் தனியாகக் கிடைக்கும். ஆனால் எந்த ஆலையின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.