சாக்கையிலிருந்து தம்பானூர் வரை

திருவனந்தபுரத்துக்கு ரெயில் எப்பொழுது வந்தது என்று வினவினால், 1918 என்பாரும் உண்டு. 1931 என்பாரும் உண்டு. இரண்டும் சரியே. முன்னது ரெயில் நகரின் எல்லைக்கு வந்த ஆண்டு. பின்னது நகருக்குள் வந்த ஆண்டு. இடையே கிடந்தது ஏறக்குறைய மூன்று மைல் தூரமே. அதனைக் கடக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தச் சிறு துண்டுப் பாதையைப் பற்றியே இம்மலரில் சில கூற விழைகின்றோம்.

வாயில்வரை வந்து நின்றுவிடுதல் இந்நகருக்குப் புதிதன்று. ராணி கௌரி பார்வதி பாயி ஆட்சிபுரிந்த காலத்தில் (1815–1829) வெட்டப்பெற்ற பார்வதி புத்தனாறு, வடக்கேயுள்ள காயல்களைத் தலைநகருடன் இணைத்த பெருவழியாகும். ஆயினும் வள்ளங்கள் வள்ளக்கடவிலேயே நின்றன. ஊரின் பெயரே அதற்குச் சான்று. அங்கிருந்து சரக்குகள் மாட்டுவண்டியேறித்தான் கோட்டைப் புறத்துக்கு வரவேண்டும். மாறாக, ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்து நாகர்கோவில் வழியே வந்த நம் நாட்டு வண்டிகள், கரமனைப் பாலம் ஏறி, ராஜா கேசவதாசர் திவானாக இருந்தபோது நிறுவிய சாலைக் கடைத்தெருவின் நடுவிலேயே வந்து அவிழ்ந்தன. சாலையில் தமிழ் வணிகர் வேரூன்றியதற்கு இது ஒரு காரணம் என்பது எமது கருத்து.

1904-இல் மீட்டர்கேஜ் பாதை செங்கோட்டை மலைகளைக் கடந்து திருநெல்வேலிச் சீமையையும் கொல்லத்தையும் இணைத்தது. திருநெல்வேலியில் வண்டியேறியவர் கொல்லத்தில் இறங்கி, வள்ளத்தில் அமர்ந்து, வர்க்கலைக் குன்றைக் குடைந்த இரு சுரங்கங்களின் ஊடே நீர்வழியாகத் தலைநகர் சேரலாம். 1918-இல் கொல்லத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய நாற்பது மைல் தண்டவாளம் நீண்டது. ஆனால் அதுவும் புத்தனாற்றங்கரையிலுள்ள சாக்கையிலேயே முடிந்தது! வள்ளம் நின்ற பக்கத்திலேயே வண்டியும் நின்றது. பெட்டியும் படுக்கையும் குழந்தைகளுமாக இறங்கிய குடும்பத்தார், மீண்டும் ஒரு வண்டி பேசித்தான் கிழக்கேகோட்டைக்கு வரவேண்டியிருந்தது.

ரெயில்வேயில் காலம் கழிப்போர் ஒன்றை நன்கறிவர். வெளியில் நாற்பது மைல் பாதை போடுதல் எளிது. ஊருக்குள் மூன்று மைல் போடுதலே அரிது. வயல், வீடு, தோட்டம், ரோடு என ஒவ்வொன்றும் குறுக்கே நிற்கும். ராணி சேது லட்சுமி பாயி ரீஜண்டாக இருந்த ஆட்சியின் இறுதி நாட்களில், 1931 நவம்பர் 4 அன்று, பாதை பேட்டை வழியாகத் தம்பானூரை வந்தடைந்தது. இரண்டே நாட்களில், நவம்பர் 6 அன்று, சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். கருங்கல்லால் எழுந்த அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்றும் நம் கண்முன் நிற்கின்றது.

அதன் பின்னர் ஊரின் முகமே திரும்பிற்று. சாக்கையும் வள்ளக்கடவும் ஒதுங்கின. தம்பானூரும் கிழக்கேகோட்டையும் ஒன்றுக்கொன்று நடைதூரமாயின. பஸ் நிலையமும் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே அமைந்தது. சாலை வணிகருக்குச் சரக்கு கடைத்தெருவின் பின்புறத்திலேயே வந்திறங்கியது போலாயிற்று. நெடிய பாதையினும் இச்சிறு துண்டே நகரை மிகுதியாக மாற்றியது என்று கூறத் துணிகின்றோம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று விமானம் இறங்குவது அந்தப் பழைய வள்ளக்கடவுக்கும் சாக்கைக்கும் அருகிலேதான். கழக்கூட்டத்திலிருந்து தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலைப் புறவழியும் சாக்கை, ஈஞ்சக்கல் வழியாகவே ஓடுகின்றது. நெடுஞ்சாலையில் விரைந்து வருவோர் ஈஞ்சக்கலில் திரும்பி, மேற்கேகோட்டை கடந்துதான் கிழக்கேகோட்டை சேர்கின்றனர். பழைய மாட்டுவண்டிகள் போன திக்கும் அதுவே.

தம்பானூர் வந்த ரெயில் அங்கேயே நின்றுவிட்டது என்பது நம்மவர்க்கு நெடுநாளைய குறை. நாகர்கோவில் செல்வோர் பஸ்ஸையே நாடினர். திருநெல்வேலிக்கு ரெயிலேறுவோர் முதலில் வடக்கே கொல்லம் சென்று, செங்கோட்டை வழியே சுற்ற வேண்டும். 1976-இல் கொல்லம் பாதை அகலப்பாதையானபோது, மீட்டர்கேஜ் வண்டிகள் கொல்லத்தோடு நின்றன. அங்கே வண்டி மாறும் தொல்லையும் சேர்ந்தது. 1979-இல்தான் தண்டவாளம் தம்பானூரைத் தாண்டி, கரமனை ஆற்றைக் கடந்து, நேமம் வழியே கன்னியாகுமரி சென்றது. 1981-இல் நாகர்கோவில்–திருநெல்வேலிப் பாதையும் திறக்கப்பெற்றது. அதன் பின்னர் நம்மவர் கொல்லம் பக்கம் திரும்பாமலே திருநெல்வேலியில் இறங்கலாயினர்.