பிரஷ் சீலில் ‘முதல்’ எது? 1908, 1955, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

சுழலும் ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் டர்பைன் அடைப்புகளின், அதாவது சீல்களின், வரலாற்றைத் தொடுவோர் பெரும்பாலும் ஜே. ஜி. பெர்குசனின் கட்டுரையில் வந்து நிற்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அவர், 1988-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் வாயு டர்பைன் மாநாட்டில் அதை அளித்தார். பல்வரிசை கொண்ட லேபிரிந்த் சீலுக்கு எளிமையும் நடைமுறைப் பயனும் உள்ள முதல் மாற்று பிரஷ் சீலே என்பது அவர் துணிபு. 2006-இல் சப், ஹெண்ட்ரிக்ஸ், லாட்டிமே, ஸ்டைனெட்ஸ் ஆகிய நால்வர் எழுதிய பெரிய மறுஆய்வும் இதை மறுப்பின்றி எடுத்தாள்கிறது. அந்த ‘முதல்’ என்ற சொல்லை அப்படியே ஏற்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெர்குசன் சொன்னதில் சரியானதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். லேபிரிந்த் சீலின் பற்கள் ஷாஃப்டைத் தொடாமல் இடைவெளி விட்டே நிற்கின்றன. இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஷாஃப்ட் அலைந்தால் பல் உரசித் தேயும். தேய்ந்த இடைவெளி பிறகு மூடாது, கசிவு நிலைத்துவிடும். பிரஷ் சீலில் மனித முடியின் பருமனே உள்ள, சுமார் 0.07 மில்லிமீட்டர் கம்பிகள் வளையமாக நெருங்கி நிற்கின்றன. அவை ஆரத்துக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து, ஷாஃப்ட் சுழலும் திசையிலேயே படிந்திருக்கும். ஷாஃப்ட் நெருங்கி வந்தால் கம்பி வளைந்து இடம் விடும், விலகினால் திரும்பி வரும். பின்னால் உள்ள தாங்குதகடு, காற்றழுத்தம் கம்பிகளை வளைத்துத் தள்ளிவிடாமல் பிடித்துக்கொள்ளும். திசை மாறிப் பொருத்தினால் சுழலும் ஷாஃப்ட் கம்பி நுனிகளை எதிர்த்துக் குத்திக் கெடுத்துவிடும். இந்தச் சாய்வுதான் கண்டுபிடிப்பின் உயிர். லேபிரிந்த் சீலின் கசிவில் சிறு பங்கே இதில் கசியும் என்ற பெர்குசனின் முடிவில் எனக்கு ஐயமில்லை.

ஐயம் காலவரிசையில்தான் வருகிறது. அமெரிக்கக் காப்புரிமை எண் 885032-ஐ எடுத்துக்கொள்வோம். ‘பாய்ம அடைப்பு’ என்ற பொருளுள்ள தலைப்பில் 1908-இல் செபாஸ்டியன் டி ஃபெராண்டிக்கு வழங்கப்பட்டது அது. லண்டனின் டெப்ட்ஃபோர்டு மின்நிலையத்தில் 10,000 வோல்ட் மின்சாரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த அதே ஃபெராண்டி. அந்தக் காலத்தில் அவர் கவனம் நீராவி டர்பைன் பக்கம் திரும்பியிருந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு பதிவான வளையும் உலோக அடைப்புகளின் காப்புரிமைகள் இந்த எண்ணைத் தம் முன்னோடியாகக் காட்டுகின்றன. ஆகவே விறைத்த பல்லுக்குப் பதிலாக வளையும் உறுப்பு என்ற கருத்து ஜெட் என்ஜினுக்கும் முந்தியது.

இதில் என்னை நிறுத்திவைத்த செய்தி வேறொன்று. இந்த 1908 ஆவணத்தை முன்னோடியாகக் காட்டுவது கம்பி மரபு மட்டுமன்று, தகட்டு மரபும்தான். மெல்லிய தகட்டில் விரல்களாக வெட்டி, ஓர் அடுக்கின் பிளவை அடுத்த அடுக்கின் விரல் மறைக்கும்படி அடுக்கும் ஃபிங்கர் சீலின் காப்புரிமைகளும் ஃபெராண்டியைக் குறிப்பிடுகின்றன. இரு கிளைகளுக்கும் வேர் ஒன்று. பெர்குசனின் வாசிப்பு ஒரு கிளையை மட்டும் மரம் என்று காட்டிவிட்டது.

அடுத்தது 1955. ஜெனரல் எலெக்ட்ரிக் தன் ஜே47 ஜெட் என்ஜினில் பிரஷ் சீலைப் பொருத்திப் பார்த்தது, பயன் கிட்டவில்லை என்பது ஆய்வுகளில் ஓரிரு வரிகளில் கடந்து போகும் குறிப்பு. பெர்குசன் வழிவருவோர் இதை முதிராத முயற்சி என்று வாசிக்கிறார்கள். தொழில்நுட்பம் 1980-களில் முதிர்ந்தது, ஆகவே வென்றது என்பது அவர்கள் கணக்கு. இங்கேதான் நான் முரண்படுகிறேன். பிற்காலத்தில் பிரஷ் கம்பியாகப் புகழ்பெற்ற ஹேய்ன்ஸ் 25 என்ற கோபால்ட் கலவை 1950-களிலேயே இருந்தது. வெப்பம் தாங்கும் பொருள் இல்லாததால்தான் தோற்றது என்று இலகுவாகச் சொல்லிவிட முடியாது.

அழுத்த விகிதத்தைப் பாருங்கள். ஜே47-இன் கம்ப்ரஸர் காற்றை ஏறத்தாழ ஐந்து மடங்குதான் அழுத்தியது. பிரஷ் சீலை உற்பத்தியில் ஏற்ற வி2500 என்ஜினில் அது 30-ஐ ஒட்டியும் மேலும் நின்றது. ஒரே அளவு இடைவெளி வழியாகக் கசியும் காற்றின் நிறை, மேல்பக்க அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும். அப்படிக் கசிவது எரிபொருள் செலவழித்து அழுத்திய காற்று. உயரழுத்தப் பகுதி சிறுத்துக்கொண்டே போவதால், அதே இடைவெளி மொத்தப் பாதையில் பெரிய பங்கைப் பிடிக்கும். இதோடு 1973, 1979 ஆண்டுகளின் எண்ணெய் விலையேற்றத்தைச் சேர்த்தால், 1955-இல் பொருட்படுத்த வேண்டாத கசிவு 1985-இல் பெருஞ்செலவாகிறது. ஜே47 சோதனையில் பிரஷ் சீல் தோற்றதா, அல்லது அது மிச்சப்படுத்தியது அதன் தொல்லைக்கு ஈடாகவில்லையா? இரண்டாவதே பொருந்தும் என்று கருதுகிறேன். கம்பி தேய்மானமும் காரணமாக இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓரிரு வரிக் குறிப்பை வைத்து ‘முதிராமை’ என்று தீர்ப்பெழுதியவர்களைவிட, கணக்கிடக்கூடிய அழுத்த விகிதத்தின் மேல் நிற்கும் வாதமே வலுவானது.

‘முதல்’ என்ற முத்திரையை எந்தக் கட்டத்தில் குத்துவது என்பதும் தீரவில்லை. பிரஷ் சீல் வி2500-இல் ஏறிய ஆண்டாக 1987 குறிக்கப்படுகிறது. அந்த என்ஜின் சான்றிதழ் பெற்றது 1988-இல், பயணிகள் சேவைக்கு வந்தது 1989-இல். மூன்றில் எதைக் கொண்டாலும் இந்தியா தள்ளி நிற்கவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-இலேயே வி2500 பொருத்திய ஏ320 விமானங்களைப் பெற்றது. பெங்களூரில் உள்ள வாயு டர்பைன் ஆய்வு நிறுவனமான ஜிடிஆர்இ-யின் காவேரி போர்விமான என்ஜின் திட்டத்துக்குத் தொடக்கமாக 1986-ஐச் சிலரும் 1989-ஐச் சிலரும் சொல்கிறார்கள். நிதி ஒப்புதலைக் கணக்கிட்டால் 1989 பொருந்தும். ஆக, பிரஷ் சீல் வணிக வானத்துக்கு வந்த ஆண்டும் நம் காவேரி என்ஜின் பணி முறையாகத் தொடங்கிய ஆண்டும் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கின்றன.

இந்தியாவைப் பேசும்போது இன்னொரு கேள்வியும் எழுகிறது: மறக்கப்பட்ட தகட்டுக் கிளை தமிழ்நாட்டின் தொழில்நகரான ஓசூருக்கு ஏன் முக்கியம்? அங்கே 1970-களில் சிப்காட் எனும் அரசுத் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றி வளர்ந்த டூல் ரூம்களில், மின்பொறி பாயும் கம்பியால் உலோகத்தை நுட்பமாக வெட்டும் வயர் கட் அன்றாட வேலை. பிரஷ் சீலுக்கு நுண்கம்பியை ஒரே சாய்வில் நெருக்கி அடுக்கி வெல்டிங் செய்யும் தனிக் கருவி வேண்டும். ஃபிங்கர் சீலின் விரல்களையோ தகட்டிலிருந்து வெட்டி எடுத்துவிடலாம். இதன் தயாரிப்புச் செலவு பிரஷ் சீலில் பாதியளவே இருக்கும் என்று நாசா மதிப்பிட்டது. குறையும் உண்டு. அழுத்தத்தில் விரல் தாங்குதகட்டோடு ஒட்டிக்கொண்டு, ஷாஃப்ட் விலகிய பின்னும் திரும்ப மறுக்கிறது. 1990-களில் இதைத் தணிக்க அழுத்தச் சமநிலை வடிவங்கள் சோதிக்கப்பட்டன. ஆனாலும் பிரஷ் சீல் பெற்ற உற்பத்தி இடத்தை ஃபிங்கர் சீல் இன்னும் பெறவில்லை.

ஆகவே என் முடிவு இது. 1988 கட்டுரை ஒரு கருத்தின் பிறப்பைப் பதிவு செய்யவில்லை, அக்கருத்துக்குத் தேவை வந்த நேரத்தைப் பதிவு செய்தது. கருத்து குறைந்தது 1908-இலிருந்து உள்ளது. 1955 பற்றிய என் வாசிப்பை ஜே47-இன் சோதனைப் பதிவுகள் உறுதிப்படுத்தலாம், உடைக்கவும் செய்யலாம். அதுவரை அந்த ஆண்டைத் தோல்வி என்று அட்டவணையில் எழுதுவதை நிறுத்தி, ‘தேவைக்கு முந்திய சோதனை’ என்று எழுதுவதே நேர்மை. ஃபெராண்டியிலிருந்து பிரியும் தகட்டுக் கிளைக்கும் அதே அட்டவணையில் தனி வரிசை தர வேண்டும்.