உப்புக் காத்தும் ஒரு பிரேக் டிஸ்கும்

சோளகம் வீசுற மாசங்கள்ல, எத்தாளையில ராத்திரி வெளியே விட்ட காரின் சில்லுக்குள்ள விடிய ஒருக்கா எட்டிப் பாருங்க. பிரேக் டிஸ்க் செம்பழுப்பா இருக்கும். இந்தப் பக்கம் களப்பு, அந்தப் பக்கம் கடல், நடுவில எங்கட கற்பிட்டி மணல். காத்தில உப்புக்குப் பஞ்சமே இல்லை. முதல் பிரேக்கிலேயே மேல்துரு உரசிப் போய்விடும். ஆனால் பேட் தொடாத ஓரத்திலும் நடுப்பகுதியிலும் அது தங்கி, இரும்பைத் தின்னத் தொடங்கும்.

எங்கட கூட்டாளி ஒருவர் 1990களின் தொடக்கத்து மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைத் தினமும் பாலாவி வழியா புத்தளத்துக்கு வேலைக்கு ஓட்டுகிறார். ரெண்டே சீட்டு, திறக்கிற கூரை, ஏபிஎஸ் கிடையாது. டிஸ்க் மாத்த வேண்டி வந்ததும் எங்களுக்குள்ள வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஓட்டை போட்டதா, கோடு வெட்டினதா, வெறும் டிஸ்கா? விடை தேடப் போனால், அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதை.

1902இல் பர்மிங்ஹாமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்தார். சில்லோடு சேர்ந்து சுத்தும் மெல்லிய தகட்டைச் செம்புக் கட்டைகள் ரெண்டு பக்கமும் நெரிக்கும். உலோகத்தில உலோகம் உரசினால் என்ன சத்தம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு அரை நூற்றாண்டு காலம் கார்களில் டிரம் பிரேக்கின் ஆட்சிதான். டிரம்மின் குறை, சூடு உள்ளேயே அடைபடுவது. டிரம் சூடேறி விரிய, உள்ளே இருக்கிற ஷூ அதை எட்டிப்பிடிக்க இன்னும் தூரம் போக வேண்டும். பெடல் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

டிஸ்க், விமானச் சக்கரங்களில் தேறிய பிறகுதான் கார்களுக்கு வந்தது. டன்லப் செய்த டிஸ்குகளோடு ஜாகுவார் சி-டைப் 1952இல் ரெய்ம்ஸ் பந்தயத்தில் வென்றது. ஓட்டியவர் ஸ்டேர்லிங் மொஸ். அடுத்த வருஷம் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டொனி ரோல்ட், டங்கன் ஹமில்டன் ரெண்டு பேரும் அதே வகைக் காரில் வென்றார்கள். அங்கே சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மற்றவர்களை விடப் பிந்தி பிரேக் பிடிக்கலாம், அதையே ராத்திரி பகலாகத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பலம். 1955இல் சிட்ரோயன் டிஎஸ் முன்சில்லுகளில் டிஸ்கோடு வீதிக்கு வந்தது.

ஓட்டைகள் வந்ததும் பந்தயத்தில இருந்துதான். அந்தக் காலத்துப் பேட்களில் இருந்த பிசின், கடும் சூட்டில் வாயு விடும். அந்த வாயு வெளியேற வழி வேண்டும். எடையும் குறையும். டிஸ்க் வெடித்தால் அடுத்த பந்தயத்துக்குப் புதுசு போட ஆள் இருந்தது. இப்போதைய பேட்கள் வீதி ஓட்டத்தில் அப்படி வாயு விடுவதில்லை. ஆனால் ஓட்டையின் விளிம்பிலிருந்து வெடிப்புத் தொடங்குவது மட்டும் மாறவில்லை.

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியா இறங்குறவருக்குச் சூடு ஒரு பிரச்சினைதான். எங்கட பாதையோ தட்டை. இங்கே எதிரி உப்பு. கராஜ்கார நானா ஒரே வரியில முடிச்சார்: "ஓட்டைக்குள்ள மணலும் உப்பும் போய் இருக்கிறதுக்கா காசு குடுக்கப் போறீங்க?"

காசுக் கதையும் சின்னதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபாயும் விழுந்தது. பழைய கார்தான் இனி நம்ம கார் என்று நிறையப் பேர் பஞ்சிகாவத்தைக்கு நடையாய் நடந்த காலம் அது.

கடைசியில் நாங்கள் தேர்ந்தது வெறும் வார்ப்பிரும்பு டிஸ்க். முன்னுக்கு நடுவில் காத்துப் போகிற வகை, பின்னுக்குத் திண்ம வகை, ரெண்டிலும் துருத்தடுப்புப் பூச்சு. பேட் உரசும் முகத்தில் பூச்சு உடனே போய்விடும். நடுப்பகுதியிலும் ஓரத்திலும் காத்து வழிகளிலும் நிக்கும், எங்களுக்கு அது போதும். அளவு முக்கியம்: 1.6 லீட்டர் காருக்கு முன் டிஸ்க் 235 மி.மீ., பிறகு வந்த 1.8க்கு 255. பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் மாறிவிடும். பழைய டிஸ்கை லேத்தில் கடைந்து போடலாமா என்றும் பார்த்தோம். உப்பு அரித்த குழிகள் போகக் கடைந்தால், அதில் பொறித்திருந்த மிகக் குறைந்த தடிப்புக்கும் கீழே போகும். கைவிட்டோம்.

மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேர்த்து, புதுப் பேட்டோடு மாத்தணும். ஹப்பில் இருக்கிற துருவைக் கம்பி பிரஷால் சுத்தமாக்கணும். அங்கே ஒரு துகள் கிடந்தாலும் டிஸ்க் கோணலாகச் சுத்தி, பெடல் துடிக்கும். கார் கழுவினால் அப்படியே நிப்பாட்டாமல், கொஞ்சத் தூரம் ஓடி மெதுவா நாலைஞ்சு தரம் பிரேக் பிடித்துக் காய வைக்கணும்.

வெளியில பார்க்க அந்த டிஸ்கில் ஒரு அழகும் இல்லை என்று கூட்டாளிக்கு இன்னும் குறைதான். போன கிழமை பாலாவிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்ததாம். கார் நேராக நின்றதாம். அதுக்குப் பிறகு குறை சொல்றது கொஞ்சம் குறைஞ்சிருக்கு.